27 அங்குல ப்ரொபெல்லரும் ஆடுற போட்டும்

காவிரியில தண்ணி வந்துட்டாலே திருவிழா மாதிரி கொண்டாடுற கும்பகோணத்துக்காரனுக்கு 225 குதிரைசக்தி மோட்டார் வச்ச போட் எதுக்குன்னு தங்கமணி 2022ல கேட்ட கேள்விக்கு இன்னைக்கு வரைக்கும் என்கிட்ட ஒழுங்கான பதில் கிடையாது. மீன் பிடிக்கன்னு சொல்லி வச்சிருக்கேன். (வீட்ல நாங்க சைவம். பிடிச்ச மீனை ஒரு போட்டோ எடுத்துட்டு திருப்பி ஏரியிலயே விட்டுடுவோம். மீனுக்கும் பழகிடுச்சு.)

ஹூஸ்டன்லேர்ந்து ஐ-45ல வடக்கே போனா கான்ரோ ஏரி. 1973ல அணை கட்டி உண்டாக்கின ஏரி. சனி ஞாயிறுல அங்க போனீங்கன்னா பாதி ஹூஸ்டன் தண்ணி மேலதான் இருக்கும். நம்ம போட் 20 அடி ஃபைபர். பாஸ் மீன் பிடிக்கறதுக்குன்னே செஞ்ச வகை. உட்காரும் இடத்தை விட மோட்டார் பெருசு. செகண்ட் ஹேண்டுதான். வித்தவர் நல்ல மனுஷன். "69 மைல் போகும்"னு சொன்னார். தனியா எடுத்துட்டுப் போய்ப் பார்த்தேன், ஜிபிஎஸ்ல 69 காட்டிச்சு. சொன்ன வாக்கு தப்பலை.

ஆனா அவர் எப்பவும் தனியாப் போற ஆள். நான் அப்படியா? தங்கமணி, 15 வயசுப் பொண்ணு, 10 வயசுப் பையன், ஐஸ்பெட்டி, புளியோதரை டப்பா, ஃபுல் டேங்க் பெட்ரோல். இவ்வளவையும் ஏத்திக்கிட்டு ஆக்சிலரேட்டரை முன்னால தள்ளினா, போட் மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கிட்டு எட்டு செகண்டு அப்படியே முக்கிக்கிட்டு நிக்குது. அப்புறம் ஒருவழியா படுத்து, வேகம் எடுத்து, 55ஐத் தாண்டினதும் இன்னொரு கூத்து ஆரம்பம். இடது பக்கம் சாயும், வலது பக்கம் சாயும், மறுபடி இடது. ஒவ்வொரு சாய்வும் முந்தினதை விடக் கொஞ்சம் அதிகம். தொட்டிலை யாரோ கோவத்துல ஆட்டற மாதிரி. 58 மைல்ல, நம்ம கணக்குல 93 கிலோமீட்டர், பையன் சீட்டோட கைப்பிடியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு என்னைப் பார்த்தான். மெதுவா வேகத்தைக் குறைச்சேன், ஆட்டம் நின்னுது.

தங்கமணி ஒண்ணும் கத்தலை. கரைக்கு வந்ததும், "இந்த ஆட்டம் நிக்கற வரைக்கும் குழந்தைங்க இதுல ஏறமாட்டாங்க. இவ ஓட்டக் கத்துக்கணும்னு சொல்லிட்டிருக்கா, அதுவும் அப்புறம்தான்"னு ரெண்டே வரியில தீர்ப்பு. அப்பீல் கோர்ட்டும் அவங்களே.

இதுல ரெண்டு வியாதி இருக்கு, ஒண்ணு இல்லை. முக்கறது ப்ரொபெல்லர் சமாசாரம். ஆடறதுல பெரும்பங்கு ஸ்டியரிங் சமாசாரம். ஆனா ரெண்டும் ஒரே மோட்டார்ல, ஒரே தண்டுல தொங்கறதால ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணு மாறும். ப்ரொபெல்லர் மட்டும் மாத்தினாப் போதும்னு பாதிப் பேர் சொன்னாங்க, ஸ்டியரிங் மட்டும் மாத்துன்னு மீதிப் பாதி. எதை முதல்ல தொடறதுங்கறதுதான் இந்தக் கதையோட முக்கால்வாசி.

முதல்ல ப்ரொபெல்லர் எண்களைச் சொல்லிடறேன். ஒவ்வொரு ப்ராப் மேலயும் ரெண்டு எண் வெட்டியிருக்கும். முதல் எண் விட்டம். ரெண்டாவது பிட்ச். ஒரு திருகாணியை மரத்துல வச்சு ஒரு முழு சுத்து சுத்தினா எவ்வளவு உள்ள போகும்? அதுதான் பிட்ச். 27ன்னா, தண்ணி மரம் மாதிரி கெட்டியா இருந்தா ஒரு சுத்துக்கு 27 அங்குலம் முன்னால போகும். தண்ணி மரம் இல்லையே, அதனால பத்து, பதினஞ்சு சதவீதம் வழுக்கும். அதுக்குப் பேரு ஸ்லிப். பேரைக் கேட்டா குறை மாதிரி இருக்கும்; இல்லவே இல்லை. வழுக்காத ப்ராப் தள்ளவும் தள்ளாது.

கணக்கு சுலபம். மோட்டாரோட ஆர்பிஎம்மை கியர் விகிதத்தால வகுத்து, பிட்ச்சால பெருக்கி, 1056 ஆல வகுத்தா வழுக்கலே இல்லாத வேகம் மைல்ல வரும். என் மோட்டார்ல கியர் 1.75. தனியாப் போனப்ப 5250 ஆர்பிஎம், 27 பிட்ச்: கணக்குப்படி 76.7 மைல். போனது 69. வழுக்கல் 10 சதவீதம். அருமை. குடும்பத்தோட போனப்ப ஆக்சிலரேட்டரை முழுசாத் தள்ளியும் 4950 ஆர்பிஎம்தான். கணக்கு 72.3, போனது 61. வழுக்கல் 15க்கு மேல.

இதுல நான் கவனிச்சது வேகத்தை இல்லை, அந்த 4950ஐ. என் மோட்டாரோட கையேட்டுல முழு ஆக்சிலரேட்டர்ல 5000லேர்ந்து 6000க்குள்ள சுத்தணும்னு போட்டிருக்கு. அதுக்குக் கீழே இருந்தா மோட்டார் திணறுதுன்னு அர்த்தம். பஜாஜ் ஸ்கூட்டர்ல முன்னால ஒரு குழந்தை, பின்னால மனைவி, மடியில இன்னொரு குழந்தைன்னு வச்சுக்கிட்டு நாலாவது கியர்லயே ஏற்காடு மலை ஏறினா எப்படி இருக்கும்? வண்டி ஏறும், ஆனா இஞ்சின் உள்ளுக்குள்ள அழும். 27 பிட்ச்ங்கறது அந்த நாலாவது கியர். வித்தவருக்கு அது சரியா இருந்துச்சு, அவர் சமதரையில தனியாப் போனார். நமக்குத் தேவை மூணாவது கியர். பொதுவா பிட்ச்ல ஒரு அங்குலம் குறைச்சா 150லேர்ந்து 200 ஆர்பிஎம் கூடும். ஆக, 24 இல்லைன்னா 25.

இவ்வளவும் காகிதத்துல போட்டு முடிச்சு, கடைக்குக் கிளம்பற நேரத்துலதான் பருத்தித்துறை அண்ணை வந்தார்.

அண்ணை நம்ம பக்கத்து ஏரியா. கொஞ்ச வருஷம் டொரண்டோ, அப்புறம் ஹூஸ்டன். சின்ன வயசுல பருத்தித்துறையில தகப்பனோட ஃபைபர் போட்ல போய் வளர்ந்தவர். நான் எக்ஸெல்ல வேகம் கணக்குப் போடறதைப் பார்த்து சிரிச்சுட்டு, நேரா கராஜுக்குப் போய் மோட்டாரோட அடிப்பாகத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சு இடதும் வலதுமா ஆட்டினார்.

"தம்பி, நீர் போய் அந்தச் சக்கரத்தை இறுக்கிப் பிடியும் பாப்பம்."

பிடிச்சேன். நான் பிடிச்ச பிடியில சக்கரம் அசையலை. ஆனா அவர் கையில மோட்டார் கடகடன்னு ஆடுது.

"விளங்குதோ? நீர் பிடிச்சிருக்கிறது சக்கரத்தை. மோட்டாரை ஒருத்தரும் பிடிக்கேல்லை. ப்ரொபெல்லரைப் பிறகு வாங்கலாம், முதல்ல சுக்கானைப் பாரும்."

அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னை ரொம்ப யோசிக்க வச்சுது. அவங்க ஊர் போட்ல சக்கரமே கிடையாது. அமரத்துல உட்கார்ந்து மோட்டாரோட கைப்பிடியை நேரா கையில பிடிச்சு ஓட்டறது. (படகோட முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். என்ன அழகான பேரு பாருங்க. நான் இத்தனை வருஷமா 'ஃப்ரண்ட்', 'பேக்'னு சொல்லிக்கிட்டிருந்த ஆள்.) ப்ரொபெல்லர் எந்தப் பக்கம் இழுக்குதுன்னு தோள்பட்டைக்கே தெரியும். "எங்களுக்கு மீற்றர் ஒண்டும் தேவையில்லை, கை சொல்லும்" அப்படின்னார்.

ப்ரொபெல்லர் ஏன் இழுக்கணும்? டிரில்லிங் மெஷின்ல சுவர்ல துளை போடும்போது பிட் மாட்டிக்கிச்சுன்னா மெஷின் உங்க மணிக்கட்டை முறுக்கும் இல்லையா, அதுல ஒரு பங்கு. இன்னொரு பங்கு, ப்ராப் தண்டு தண்ணிக்கு நேர் மட்டமா இல்லாதப்ப, கீழே இறங்கற இதழும் மேலே ஏறற இதழும் ஒரே அளவு தண்ணியைக் கடிக்கறதில்லை. ஒரு பக்கம் கடி அதிகம், ஒரு பக்கம் கம்மி. அதனால மோட்டார் எப்பவும் ஒரு பக்கமாத் திரும்பத்தான் பார்க்கும். மோட்டாரை உள்ளே வெளியே சாய்க்கிற ட்ரிம் பட்டனை அழுத்தினா அந்த இழுப்போட அளவு மாறும், சில சமயம் பக்கமே மாறும். பிட்ச் அதிகமான ப்ராப்னா இழுப்பும் அதிகம். ஆக, ப்ராப் மாத்தறதே ஸ்டியரிங் வேலைலயும் பாதிதான்.

இப்ப அந்த ஆட்டத்துக்கு வருவோம். இங்க அதுக்கு சைன் வாக்னு பேரு. இந்த மாதிரி போட் வேகம் எடுத்ததும் உடம்பு முழுக்கத் தண்ணியை விட்டு மேல வந்துடும். பின்னால அடிப்பக்கத்துல ஒரு குறுகலான தட்டைப் பகுதி, அது மட்டும்தான் தண்ணியில. கம்பி மேல நடக்கற கழைக்கூத்தாடி மாதிரி. அந்த நிலைமையில சின்னதா ஒரு பக்கம் சாஞ்சா, தளர்ந்த மோட்டார் தானா கொஞ்சம் திரும்பும். அந்தத் திருப்பம் போட்டை மறுபக்கம் தள்ளும். அங்க சாய்ஞ்சதும் மோட்டார் இந்தப் பக்கம் திரும்பும். நீங்க சக்கரத்தை அசைக்கவே வேண்டாம், அது பாட்டுக்கு ஊஞ்சல் ஆடும். இதை எப்படி அடக்கறதுன்னு பழகினவங்க சின்னச் சின்னதா சக்கரத்தைத் திருப்பி எதிர்ச் சாய்வு குடுப்பாங்க. ஆனா சக்கரத்துல ரெண்டு அங்குலம் வெத்தா சுத்தினாத்தான் மோட்டாருக்கு சேதி போய்ச் சேரும்னா எந்தப் பழக்கமும் உதவாது. நீங்க இடதுக்கு சொன்ன சேதி, போட் வலதுக்குப் போனப்புறம் போய்ச் சேரும்.

இதுல எது பயமா இருந்துச்சுன்னு கேட்டா, ஆட்டம் இல்லை. கேபிள் ஸ்டியரிங்ல 60 மைல்ல கை நழுவினாலோ, இணைப்பு போல்ட் ஒண்ணு கழண்டாலோ, மோட்டார் சட்டுன்னு ஒரு பக்கமா முழுசாத் திரும்பிடும். போட் நின்ன இடத்துல பம்பரம் மாதிரி சுத்தும். உள்ள இருக்கறவங்க வெளியே. ஆள் இல்லாத போட் வட்டம் போட்டுக்கிட்டே விழுந்தவங்க இருக்கற இடத்துக்குத் திரும்பி வரும், ப்ரொபெல்லர் சுத்திக்கிட்டே. அப்படி நடக்கறது உண்டுங்கறதாலதான், 26 அடிக்குக் குறைஞ்ச போட்ல இஞ்சினை நிறுத்தற கயிறு சுவிட்ச் இருந்தா ஓட்டறவர் அதை மாட்டிக்கிட்டேதான் வேகமா ஓட்டணும்னு 2021 ஏப்ரல் 1லேர்ந்து அமெரிக்க மத்திய சட்டமே வந்துச்சு. கயிறோட ஒரு முனை உங்க லைஃப் ஜாக்கெட்ல, இன்னொரு முனை சுவிட்ச்ல. நீங்க விழுந்தா இஞ்சின் அணையும். அஞ்சு டாலர் சமாசாரம், ஏரியில பாதிப் பேர் சாவிக்கொத்து மாதிரி சும்மா தொங்க விட்டிருக்காங்க.

அந்த சனிக்கிழமை முழுக்க நானும் அண்ணையும் ஒவ்வொரு மூட்டா ஆட்டிப் பார்த்தோம். ஒருத்தர் சக்கரத்துல, ஒருத்தர் மோட்டார்ல. எங்க விரல் வச்சா 'டக்'னு தட்டுதோ அங்க தேய்மானம். கேபிள் முனைல ஒண்ணு. கேபிளையும் மோட்டாரையும் இணைக்கற கம்பியோட போல்ட்ல இன்னொண்ணு. ஓட்டை முட்டை வடிவத்துக்குப் போயிருந்துச்சு. மோட்டாரை மேல கீழ ஏத்தி இறக்கற ஜாக் பிளேட்டோட போல்ட் ரெண்டு, கையாலயே கால் சுத்து திரும்புச்சு.

அப்புறம் உயரம். ட்ரெய்லரை மட்டம் பார்த்து நிறுத்தி, அடிப்பக்கத் தட்டையில ஒரு நேரான சட்டத்தை வச்சு, அதோட மட்டத்துலேர்ந்து ப்ராப் தண்டோட நடுப்பகுதி வரைக்கும் அளந்தோம். ரெண்டே அங்குலம். முந்தின ஓனர் வேகத்துக்காக மோட்டாரை நல்லா மேல ஏத்தி வச்சிருக்கார். மேல ஏத்தினா தண்ணியில இழுவை குறையும், ரெண்டு மூணு மைல் கூடும். ஆனா அதுக்கு விலை உண்டு. பிடிமானம் போயிடும். ப்ராப்புக்கு மேல, தகட்டுக்கு அடியில சின்ன மீன் துடுப்பு மாதிரி ஒண்ணு இருக்கும் பாருங்க, அதைத் திருப்பி வச்சுதான் இந்த இழுப்பை சரிக்கட்டறது. சக்கரம் வலது பக்கம் இழுத்தா, அந்தத் துடுப்போட பின்முனையையும் வலது பக்கம் திருப்பணும். கேட்டா தப்பு மாதிரி தோணும், அதுதான் சரி. எங்க போட்ல அந்தத் துடுப்பு வேகத்துல தண்ணியைத் தொடவே இல்லை. வேலை செய்யாத ஊழியருக்கு சம்பளம் குடுத்துக்கிட்டிருந்தோம்.

ஒரு அங்குலம் இறக்கினோம். போல்டெல்லாம் புதுசு. செலவு 40 டாலர் கூட இல்லை. ஞாயித்துக்கிழமை நான் மட்டும் போய்ப் பார்த்தா 55ல ஆரம்பிச்ச ஆட்டம் இப்ப 60லதான் ஆரம்பிக்குது. அதே ப்ராப்!

ஆனா கேபிளோட தளர்ச்சி போல்டு மாத்தினாப் போகாது. அதுக்கு ஹைட்ராலிக் ஸ்டியரிங்தான். மரினாவுல இருக்கற மெக்கானிக் முதல் நாளே இதைத்தான் சொன்னார். அண்ணைக்கு அதுல ஒரு சின்ன மனத்தாங்கல். "ஹைட்ராலிக் போட்டால் மோட்டார் இழுக்கிறது உமக்குத் தெரியாது. எல்லாத்தையும் அது மூடிப்போடும். மூடமுதல் எங்க பிழை எண்டு பாத்திட்டு மூடும்." நியாயமான பேச்சு. உள்ள இருக்கற வால்வு மோட்டார்லேர்ந்து வர்ற விசையை சக்கரத்துக்கு விடாம தடுத்துடும். கை விட்டாலும் மோட்டார் விட்ட இடத்துலயே நிக்கும், அதுதான் அதோட பெரிய பாதுகாப்பு. ஆனா ப்ராப்ல ஏதோ கோளாறுன்னு கைக்குத் தெரியாமப் போறதும் அதாலதான். காய்ச்சல் மாத்திரை மாதிரி. நல்லதுதான், ஆனா காய்ச்சல் ஏன்னு பார்த்துட்டுப் போடணும். போல்டும் உயரமும் முடிஞ்சதும்தான் வாங்கினேன். ஆயிரம் டாலருக்கு மேல ஆச்சு. தங்கமணிகிட்ட முழு விலையும் சொன்னேன், "இதுக்கு செலவு பண்ணுங்க, வேகத்துக்குப் பண்ணாதீங்க"ன்னு உடனே அப்ரூவல். பத்து வருஷத்துல இவ்வளவு சீக்கிரம் ஒரு பட்ஜெட் பாஸ் ஆனதில்லை.

சக்கரத்துக்குப் பின்னால ஒரு சின்ன பம்ப், மோட்டார்ல ஒரு சிலிண்டர், நடுவுல ரெண்டு குழாய். வாங்கும்போது உங்க மோட்டாரோட குதிரைசக்திக்கு ஏத்ததான்னு பாருங்க. சின்ன மோட்டாருக்குன்னு விலை கம்மியா ஒரு வகை இருக்கு, அது 150 வரைக்கும்தான். மாட்டறது கஷ்டம் இல்லை. காத்தை வெளியேத்தறதுதான் பொறுமையை சோதிக்கும். ஒருத்தர் மேல எண்ணெய் ஊத்தணும், ஒருத்தர் சிலிண்டர்ல நிப்பிளைத் திறக்கணும், சக்கரத்தை ஒரே பக்கமா சுத்திக்கிட்டே இருக்கணும், குமிழி இல்லாம எண்ணெய் வர்ற வரைக்கும். அப்புறம் அடுத்த பக்கம். காத்து கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் சக்கரம் பஞ்சுல குத்தின மாதிரி அமுங்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு முடிஞ்சுது. கடைசியா மோட்டாரை முழுசா மேல தூக்கி, ரெண்டு பக்கமும் கோடி வரைக்கும் திருப்பி, குழாய் எங்கயும் உரசலை, இழுக்கலைன்னு பார்த்துக்கிட்டோம். இதை மட்டும் விட்டுடாதீங்க.

இப்பதான் ப்ராப். இங்க சில கடைகள்ல முன்பணம் கட்டினா ரெண்டு மூணு ப்ராப் குடுத்து ஓட்டிப் பார்க்க விடுவாங்க. கீறல் இல்லாமத் திருப்பினா பணம் வாபஸ். இது தெரியாம அட்டவணையைப் பார்த்து வாங்கறது, ஜாதகம் மட்டும் பார்த்து கல்யாணம் பண்ற மாதிரி. 25 பிட்ச் மூணு இதழ் ஒண்ணு, 24 பிட்ச் நாலு இதழ் ஒண்ணு வாங்கிட்டு வந்தேன்.

சோதனைக்கு ஒரே விதி: ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் மாத்தணும். அதே பெட்ரோல், அதே எடை, அதே இடம், காத்தடிக்கிற திசையில ஒரு தடவை, எதிர்த்திசையில ஒரு தடவை, ரெண்டுக்கும் சராசரி. குடும்பத்துக்குப் பதிலா தண்ணி கேன். தங்கமணி எடையைக் கேட்டு வாங்கறதுக்கு எனக்கு என்ன பைத்தியமா :-) ப்ராப் மாத்தும்போது கயிறு சுவிட்சைக் கழட்டி, சாவியை எடுத்து, பேட்டரியையும் துண்டிச்சுட்டுதான் கை வைக்கணும். இதழுக்கும் மேல்தகட்டுக்கும் நடுவுல ஒரு மரக்கட்டை குடுத்தா நட்டு திருப்பும்போது சுத்தாது. தண்டுல கிரீஸ் தடவ மறந்தா அடுத்த தடவை கழட்ட சுத்தியல்தான்.

25 மூணு இதழ்: 5350 ஆர்பிஎம், 62 மைல். 24 நாலு இதழ்: 5450, 61 மைல். எடையோட 27 போனதும் அதே 61தான்! ஆக எடை ஏத்தினப்ப பெரிய பிட்ச்சால ஒரு மைல் லாபம்கூட இல்லை. காகிதத்துல 25தான் ஜெயிச்சுது. நான் நாலு இதழை எடுத்தேன்.

ஏன்னு கேளுங்க. எட்டு செகண்டு முக்கினது அஞ்சா குறைஞ்சுது. 25 மைலுக்குக் கீழ வந்தா மூக்கு தூக்கிக்கிட்டிருந்த போட், 21 மைல்லயும் படுத்தபடியே போகுது. குழந்தைங்களோட போறப்ப எத்தனை நேரம் 60ல போகப்போறோம்? 21லேர்ந்து 35க்குள்ளதான் முக்கால்வாசி நேரம். வேகமாத் திரும்பும்போது மூணு இதழ் ப்ராப் மேலேர்ந்து காத்தை உறிஞ்சி, பிடி விட்டு, இஞ்சின் 'வ்ர்ர்ர்'னு கத்தும். நாலு இதழ் பிடியை விடலை. இதுக்கு பல பேர் காவிடேஷன்னு சொல்லுவாங்க, அது வேற. காத்தை உறிஞ்சறது வென்டிலேஷன். காவிடேஷன்னா இதழோட முதுகுல அழுத்தம் ரொம்பக் குறைஞ்சு தண்ணி குளிர்ச்சியாவே கொதிக்கறது. ஊட்டியில தண்ணி சீக்கிரம் கொதிச்சுடும், குக்கர் இல்லாட்டி பருப்பு வேகாதுன்னு நம்ம வீட்டுல சொல்லுவாங்களே, அதே தத்துவம்தான், எல்லை தாண்டிப் போனது. அந்தக் குமிழி உடையறப்ப எஃகையே அரிச்சுடும்.

அதை விட முக்கியம், நாலு இதழ் பின்பக்கத்தை ஒரே மாதிரி தூக்கிப் பிடிச்சுக்குது. 60ல இப்ப ஆட்டம் இல்லை. தனியாப் போனா 5700 ஆர்பிஎம்ல 66. முன்ன 69. அந்த மூணு மைல் போனதுல மரினா நண்பர் ஒருத்தருக்கு என்னை விட வருத்தம். அவர் போட்டோட வேகத்தைத் தன் பிபி மாதிரி தினமும் அளக்கறவர். விடுங்க.

பொண்ணு இதுக்குள்ள படகு ஓட்டற பாடத்தை முடிச்சு சர்டிபிகேட்டோட நிக்கறா. டெக்சாஸ்ல 1993 செப்டம்பர் 1 அன்னைக்கோ அதுக்கப்புறமோ பிறந்தவங்க 15 குதிரைசக்திக்கு மேல ஓட்ட அந்தப் பாடம் படிக்கணும். நான் அதுக்கு முன்னாடி பிறந்த ஞானி, எனக்குத் தேவையில்லையாம். முதல் நாளே வைவா ஆரம்பிச்சுட்டா. "அப்பா, எதிர்ல ஒரு போட் நேரா வந்தா எந்தப் பக்கம் திருப்பணும்?" வலது. ரெண்டு பேரும் வலது. கன்னியாகுமரியிலயும் அதே விதிதான், ரோட்ல இடது பக்கம் போற நாட்டுக்கும் தண்ணியில வலதுதான்னு அவதான் எனக்கு சொன்னா.

தங்கமணி பக்கத்து சீட்டுல. நான் பின்னால, வழக்கத்துக்கு மாறா வாயை மூடிக்கிட்டு. பையன் லைஃப் ஜாக்கெட்டை மூணு தடவை இழுத்து சரிபார்த்தாச்சு. கயிறை மாட்டிக்கிட்டு, மோட்டாரை உள்ளே முழுசா சாய்ச்சு, தள்ளினா. அஞ்சு செகண்டு. மூக்கு இறங்கிச்சு. அவளே ட்ரிம்மைக் கொஞ்சம் வெளியே எடுத்தா, சத்தம் மாறிச்சு, 30 மைல். ஒரு விரல் அசைச்சா போட் ஒரு விரல் அளவு திரும்புது. காலையில காத்து இல்லாத ஏரி. 105 பாலத்துப் பக்கம் ஒரு பெரிய போட் கிளப்பின அலை குறுக்கே வந்துச்சு. வேகத்தைக் குறைச்சு, கொஞ்சம் சாய்வா ஏறிக் கடந்தா. நான் சொல்லலை. பாடத்துல இருந்திருக்கும்.

"இன்னும் கொஞ்சம் போகலாமா?"ன்னு அவ கேட்டது என்னை இல்லை, அம்மாவை. அம்மா கொஞ்ச நேரம் தண்ணியைப் பார்த்தாங்க. "நாப்பது. அதுக்கு மேல ஒரு மைல் போனாலும் நான் இறங்கிடுவேன்."

ஏரி நடுவுல எப்படி இறங்குவாங்கன்னு பையன் கேட்டான். அதுக்கு பதில் வரலை, 40 வந்துச்சு.

மத்தபடி, மாசம் ஒரு தடவை சக்கரத்தைப் பிடிக்க ஒருத்தர், மோட்டாரை ஆட்ட ஒருத்தர்னு அந்த சோதனை தொடருது. பையனுக்கு மோட்டார் ஆட்டற உத்தியோகம். எண்ணெய் மட்டம் பார்க்கறது பொண்ணு. பெட்டியில ஒரு பழைய அலுமினிய ப்ராப், நட்டு, ஸ்பேனர் எப்பவும் இருக்கும். கான்ரோவுல தேவைப்படலை. தண்ணிக்கடியில மரக்கட்டை நிக்கற லேக் ஃபோர்க், சாம் ரேபர்ன் பக்கம்லாம் போனா கட்டாயம் தேவைப்படும். அண்ணை ரெண்டு தடவை வந்து ஓட்டினார். "சக்கரம் சும்மா வெண்ணெய் மாதிரிக் கிடக்கு. ஆனா தம்பி, கைக்கு ஒண்டும் தெரியேல்லை"ன்னு இன்னும் குறைதான்.

27 அங்குல ப்ராப் கராஜ்ல சும்மா கிடக்குது, பாலீஷ் போட்டு பளபளன்னு. யாருக்காவது வேணும்னா சொல்லுங்க, விலை பேசிக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை, தனியாப் போற ஆளா இருக்கணும்.